கைமாறி வந்த குச்சி
இளையோரின் பல் நலனும் தோழமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், மிஸ்வாக் பற்றிய பகுதியில், பாடம் நடத்துவோர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் சிறு வாக்கியம் ஒன்று உண்டு. எந்தெந்த வேளைகளில் பல் துலக்குவது சிறப்பு, எந்த மரத்தின் குச்சி ஏற்றது, குறுக்காகத் துலக்குவதா நெடுக்காகவா, விரலால் தேய்த்தால் சுன்னத் நிறைவேறுமா என்று சட்ட விவரங்களைச் சொல்லி வரும் இமாமவர்கள், போகிற போக்கில், சிறுவனுக்கு மிஸ்வாக்கைப் பழக்கிவிடுவது விரும்பத்தக்கது, அதனால் அது அவனுக்கு வழக்கமாகிவிடும் என்னும் கருத்தைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார்கள்.

இங்கே இமாமவர்கள் தேர்ந்த சொல் கவனிக்கத்தக்கது. சிறுவனை 'ஏவ வேண்டும்' என்று எழுதவில்லை. 'பழக்க வேண்டும்' என்று எழுதினார்கள். ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லும் ஹதீஸ் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் பல் துலக்கும் செய்திக்கு அந்த வினையை அவர்கள் பயன்படுத்தவில்லை. 'அவ்வத' என்னும் வினை ஐன், வாவ், தால் ஆகிய மூன்றெழுத்துகளால் ஆனது. அதே எழுத்துகளில்தான் குச்சியைக் குறிக்கும் 'ஊது' என்னும் சொல்லும் இருக்கிறது; வழக்கத்தைக் குறிக்கும் 'ஆதத்' இருக்கிறது; நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வதைக் குறிக்கும் 'இயாதத்'தும் இருக்கிறது. இவற்றை அகராதி ஆசிரியர்கள் எவ்வாறு தொடர்புபடுத்துவர் என்பது வேறு ஆராய்ச்சி. குச்சியும் வழக்கமும் நலம் விசாரிப்பும் ஒரே எழுத்துகளில் அருகருகே நிற்பதைக் காணும்போது அரபு கற்பிப்பவனின் கண் அங்கே சற்று நின்றுவிடுகிறது, அவ்வளவே.

மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி நம்மிடம் நூல்களும் கட்டுரைகளும் ஏராளம். எழுபது நன்மைகள் என்று பட்டியலிடும் துண்டுப் பிரசுரங்களும் உண்டு. ஆனால் அந்த வழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்கு, குறிப்பாகப் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட இளையோருக்கு, எந்த வழியாகச் சென்றது என்பதை எழுதியோர் குறைவு. மிஸ்வாக் பற்றிய ஹதீஸ்களை அவற்றின் பொருளுக்காக மட்டும் படிக்காமல், அவற்றை அறிவித்தவர் யார், அன்று அவருக்கு என்ன வயது, எங்கிருந்து அதைக் கண்டார் என்று பார்த்தால் அந்த வழி புலப்படுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபோது அனஸ் இப்னு மாலிக் (ரலி) பத்து வயதுச் சிறுவர். தாயார் உம்மு சுலைம் (ரலி) அவரை அழைத்து வந்து பணிவிடைக்கென ஒப்படைத்தார்கள். பத்திலிருந்து இருபது வரை, அதாவது இன்று நாம் விடலைப் பருவம் என்று அஞ்சிப் பேசும் ஆண்டுகள் முழுவதையும், அவர் நபியவர்களின் இல்லத்தில் கழித்தார். அந்தப் பத்தாண்டுகளில் தம்மை ஒருமுறையேனும் 'சீ' என்று சொன்னதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறியது யாவரும் அறிந்ததே. மிஸ்வாக்கைப் பற்றி உங்களிடம் நான் மிகுதியாகவே கூறிவிட்டேன் என்னும் பொருள்படும் நபிமொழியை அறிவிப்பவரும் இதே அனஸ் (ரலி) அவர்களே. ஒருபுறம், அடிக்கடி வலியுறுத்தப்பட்டது என்கிறார். மறுபுறம், ஒருநாளும் கடிந்துகொள்ளப்படவில்லை என்கிறார். இவ்விரண்டும் ஒரே இல்லத்தில், ஒரே இளைஞரின் அனுபவத்தில் ஒத்துப்போயின. பதினாறு வயது மகனைப் பல் துலக்க வைப்பதற்குள் குரல் உயர்த்தும் பெற்றோர் இதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் நுட்பமானது. அன்னை மைமூனா (ரலி) அவருக்குச் சிறிய தாயார். ஓரிரவு அவர் அங்கே தங்கினார். ஹிஜ்ரீ ஏழாம் ஆண்டில்தான் அந்தத் திருமணம் நிகழ்ந்தது என்பதால், அன்று அவருக்குப் பத்து முதல் பதின்மூன்று வயதிற்குள் இருக்கும். தலையணையின் அகலவாட்டில் அவர் படுத்துக்கொள்ள, நீளவாட்டில் பெருமானாரும் மைமூனா நாயகியும் துயின்றனர். இரவின் பிற்பகுதியில் நபியவர்கள் எழுந்து, முகத்திலிருந்து உறக்கத்தைத் துடைத்து, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதி, பல் துலக்கி, தொங்கிக்கொண்டிருந்த தோல்துருத்தியிலிருந்து நீரெடுத்து உளூச் செய்ததைச் சிறுவர் விழித்திருந்து பார்த்தார். பின்னர் எழுந்து தாமும் அவ்வாறே செய்து இடப்புறம் போய் நின்றார். நபியவர்கள் அவரது காதைப் பிடித்து வலப்புறம் நிறுத்திக்கொண்டார்கள். அவ்விரவில் பல் துலக்குமாறு யாரும் அவருக்குச் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. சிறிய தாயாரின் வீட்டில் ஓரிரவு தங்கும் உரிமை அவருக்கு இருந்தது, அதுவே பாடமாயிற்று.

பார்த்தறியும் இந்த முறை தனி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள், ஏறத்தாழ ஒத்த வயதுடைய இளைஞர்களாகிய நாங்கள் இருபது இரவுகள் நபியவர்களிடம் தங்கினோம் என்று அறிவிக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டதைப் பெருமானார் தாமே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, திரும்பிச் சென்று அவர்களோடு இருந்து கற்பிக்குமாறு அனுப்பிவைத்தார்கள். தாம் தொழக் கண்டவாறே தொழுமாறு கூறியதும் அந்தப் பயணத்தின்போதுதான். இளைஞர் குழுவாக வந்து, குழுவாகக் கண்டு, குழுவாகவே ஊர் திரும்பினர். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டும் ஏற்பாடு அதிலேயே அமைந்துவிட்டது.

வீட்டுக்குள் இந்த வழக்கத்தைத் தாங்கி நின்றவர்கள் பெண்கள். நபியவர்கள் இல்லம் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்கள் என்று ஷுரைஹ் இப்னு ஹானிஃ கேட்டபோது, மிஸ்வாக் என்று விடையளித்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி). இரவில் எழும்போது பயன்படுத்துவதற்காக மிஸ்வாக்கையும் உளூவுக்கான நீரையும் முன்கூட்டியே நாங்கள் ஆயத்தம் செய்து வைப்போம் என்று ஸஅத் இப்னு ஹிஷாமிடம் கூறியவர்களும் அவர்களே. தனிமனிதர் ஒருவரின் ஒழுக்கமாக நமக்குத் தோன்றும் செயலுக்குப் பின்னால், அதற்கு முந்திய மாலையில் குச்சியைக் கழுவி எடுத்துவைத்த ஒரு கை இருந்தது. ஹிஜ்ரீ 11இல் நபியவர்களின் இறுதி வேளையில், அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) பசுமையான குச்சியோடு உள்ளே வந்ததும், பெருமானாரின் பார்வை அதன்மேல் தங்குவதைக் கண்டு குறிப்பறிந்து, அதை வாங்கி நறுக்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்தவர்களும் ஆயிஷா நாயகியே. நோயுற்றவர் கேட்க இயலாத நிலையில் அவரது விருப்பத்தைக் கண்ணால் படித்துவிடும் அளவுக்கு அவ்வழக்கம் அந்த இல்லத்தில் இருவருக்கும் பொதுவாகியிருந்தது.

இனி, அந்தக் குச்சி எங்கிருந்து வந்தது? அராக் மரத்திலேறி அதைப் பறித்துத் தந்தவர்களுள் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி). காற்றில் ஆடை விலகி அவரது மெலிந்த கணுக்கால்கள் தெரிந்ததும் தோழர்கள் சிரித்தனர். அவை மறுமையின் தராசில் உஹுத் மலையினும் கனமானவை என்று நபியவர்கள் கூறியது பலரும் அறிந்த செய்தி. நண்பர்களின் சிரிப்புக்கு முன்னால் ஒருவரின் கண்ணியத்தை நபியவர்கள் காத்ததும் அதே நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. நபியவர்களின் காலணியையும் தலையணையையும் மிஸ்வாக்கையும் பேணியவர் என்றே அவர் அடையாளம் கூறப்பட்டார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவரைக் கூஃபாவுக்கு ஆசிரியராக அனுப்பியபோது, நபியவர்களின் அன்றாட வாழ்வைக் கண்ணால் கண்ட ஒருவரையே அந்நகரத்து இளைஞர்களுக்கு அனுப்பினார்கள். அவரிடம் பயின்ற அல்கமா போன்றோர், நடையுடை பாவனையிலும் ஆசிரியரை ஒத்திருந்ததாகப் புகழப்பட்டவர்கள். ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள், எழுத்தர் காதில் எழுதுகோலைச் செருகியிருப்பதைப் போல மிஸ்வாக்கைக் காதில் வைத்தபடியே பள்ளிக்கு வருவார்கள் என்னும் செய்தியை நமக்குச் சொன்னவர், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபூஸலமா. அவர் கேட்ட ஹதீஸையும் அறிவித்தார்; கண்ட காதையும் சேர்த்தே அறிவித்தார்.

சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடுமே என்று கருதியே நபியவர்கள் இதை ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டளையாக்காமல் விட்டார்கள். கட்டளையாகியிருந்தால் சட்டம் அதைக் காத்திருக்கும். கட்டளையாகாத ஒன்றை உறவுகள்தாம் காக்க வேண்டியிருந்தது.

சட்ட நூல்கள் இதில் வேறுபட்ட இடங்கள் சிலவே. ஹனஃபீகள் இதை உளூவின் சுன்னத்தாகக் கொண்டனர். ஷாஃபிஈகள் தொழுகையோடும் இணைத்தனர். நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது வெறுக்கத்தக்கது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பரவலான கூற்று. ஹனஃபீகளுக்கு அந்தத் தடையில்லை. கடற்கரையூர்ப் பிள்ளைகளும் உள்நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓதும் நம் மதரஸாக்களில், ரமளான் நெருங்கும்போது ஹவுளின் படிகளில் இதுபற்றி எழும் விவாதத்தை அங்கே ஓதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறருடைய மிஸ்வாக்கை அவரது அனுமதியோடு பயன்படுத்துவதில் குற்றமில்லை என்றும் நவவீ இமாம் எழுதுகிறார்கள். பற்சிதைவுக்குக் காரணமான கிருமிகள் உமிழ்நீர் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லக்கூடும் என்பதால், இன்றைய பல் மருத்துவர் ஒரே குச்சியைப் பகிர்வதை ஒப்புக்கொள்ள மாட்டார். அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டத்திலிருந்து வரலாற்று மாணவன் தெரிந்துகொள்வது வேறு: குச்சியைக் கேட்டு வாங்குமளவு நெருக்கமானவர்கள் அன்று அருகருகே நின்று பல் துலக்கினர்.

இமாமவர்களே அப்படி வாழ்ந்தவர்கள்தாம். ஹிஜ்ரீ 631இல் நவா என்னும் சிற்றூரில் பிறந்து, 649இல் தந்தையார் அழைத்துவர டமாஸ்கஸ் வந்து, ரவாஹிய்யா மதரஸாவில் ஓர் அறையில் தங்கி, அங்கு வழங்கப்பட்ட உணவை உண்டு படித்தார்கள். இன்றைய சொல்லில் சொன்னால் விடுதி மாணவர். பின்னாளில் அவர்களோடு இணைபிரியாதிருந்த மாணவர் இப்னுல் அத்தார்தான் அவர்களின் வாழ்க்கையை எழுதி வைத்தார். சிறுவனைப் பழக்கிவிடுவது பற்றிய அந்த வாக்கியம், வீட்டைவிட்டு வந்த இளைஞர் கூட்டத்தின் நடுவே வாழ்ந்த ஒருவரின் எழுதுகோலிலிருந்து வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மருத்துவர்களும் தம் பங்கைச் செய்தனர். ஹிஜ்ரீ 404 (கி.பி. 1013) அளவில் மறைந்த அந்தலூஸ் அறிஞர் அஸ்ஸஹ்ராவீ, 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில், பல்லில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளை வரைந்தே காட்டினார், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும் விளக்கினார். இப்னுல் கய்யிம் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 751) மிஸ்வாக்கின் பயன்களை அடுக்கிவிட்டு, அளவுக்கு மீறித் தேய்த்தால் பல்லின் மெருகு போய்விடும் என்றும், இன்னதென்று அறியாத மரத்தின் குச்சியைத் தொடாதீர்கள், அது நஞ்சாகவும் இருக்கலாம் என்றும் எச்சரித்தார்கள். நன்மைகளைப் பட்டியலிடும் நம் துண்டுப் பிரசுரங்கள் இந்த எச்சரிக்கைகளை ஏனோ விட்டுவிடுகின்றன.

மிஸ்வாக்கைச் சுன்னத்தாகக் கொண்ட அதே நாகரிகம்தான் கரும்பையும் ஈரானிலிருந்து எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை கொண்டு சென்றது. ஹிஜ்ரீ 440இன் பெருநாளையொட்டிக் கெய்ரோவில் ஃபாத்திமீ மன்னரின் விருந்து மண்டபத்தைக் கண்ட நாஸிர் குஸ்ரவ், கிளையும் இலையும் கனியும் சர்க்கரையாலேயே செய்யப்பட்ட ஆரஞ்சு மரம் ஒன்று அங்கே நின்றதாகத் தம் பயண நூலில் குறித்துள்ளார். அராக் மரமும் சர்க்கரை மரமும் நம் வரலாற்றில் அக்கம்பக்கமாகவே வளர்ந்தன. சர்க்கரை அரண்மனையில் இருந்தவரை அதன் கேடு அரண்மனையோடு நின்றது. அது ஒவ்வொரு தெருமுனைக் கடையிலும், ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான்.

அராக் தமிழ் மண்ணுக்கு அந்நியமானதன்று. சங்க நூல்கள் உகாய் என்று குறிப்பிடும் மரம் அதுவே என்பர் தாவர நூலார். கோடிக்கரைப் பகுதியில் இன்றும் அது வளர்ந்து நிற்கிறது. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியெனச் சொல்லும் பழமொழி வழங்கும் நாட்டில், குச்சியால் பல் துலக்கும் வழக்கத்திற்குப் புதிதாக வேர்விட வேண்டிய தேவை இருக்கவில்லை. முன்பு ஹாஜிகள் ஊர் திரும்பும்போது பேரீச்சம்பழத்தோடும் ஸம்ஸம் நீரோடும் மிஸ்வாக் கட்டுகளும் வந்திறங்கும். பேரப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு குச்சி கொடுக்கும் பாட்டனார், முனையை எவ்வளவு தோலுரிப்பது, எப்படி மென்று நாராக்குவது என்று தாமே செய்து காட்டுவார். இன்று குச்சி, நெகிழியுறையில் அடைத்து அத்தர்க் கடையிலேயே கிடைக்கிறது. செய்து காட்டும் பாட்டனார்தான் உறையோடு வருவதில்லை.

இந்தச் செய்தியை நவீன ஆய்வுகளும் வேறொரு வாயில் வழியாக வந்தடைந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1986இல் மிஸ்வாக்கை ஏற்ற துப்புரவுக் கருவியாகப் பரிந்துரைத்தது. 2000இல் வெளியான அதன் கருத்தறிக்கை மேலும் ஆராய வேண்டும் என்றது. முறையாகப் பயன்படுத்தினால் பற்படலத்தை அகற்றுவதில் அது தூரிகைக்கு இளைத்ததன்று எனப் பல ஆய்வுகள் காட்டின. அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு என்பதால் பற்பசையையும் விட்டுவிடக் கூடாது என்பது பல் மருத்துவர் தரும் திருத்தம். அதை ஏற்பதில் சன்மார்க்கத் தடை ஏதுமில்லை. ஆனால் எந்தக் கருவி என்பதைவிட யாருடைய வீடு, யாருடைய தோழமை என்பதே இளையோரின் பல்லை மிகுதியும் தீர்மானிக்கிறது என்பதைக் குடும்பங்களை ஆராய்ந்தோர் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1980களிலிருந்து ஐரோப்பாவிலும் பின்னர் கனடாவிலும் 11, 13, 15 வயது மாணவரிடையே நடந்துவரும் தொடராய்வில், ஒரு நாளில் எத்தனை முறை பல் துலக்குகிறாய் என்பதும் ஒரு கேள்வி. அதன் ஸ்காட்லாந்துத் தரவுகளை ஆராய்ந்து 2010இல் எழுதியவர்கள், மாணவர் பல் துலக்குவதை அவர்களின் வீட்டு ஒழுங்கோடும் உணவு வேளைகளோடும் குடும்ப உறவுகளோடும் சேர்த்தே பார்த்தனர். காலையுணவை ஒழுங்காக உண்ணும் பிள்ளையே பல்லையும் ஒழுங்காகத் துலக்குகிறது.

நம் நாட்டு நிலை கவலைக்குரியது. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், 12 வயதினரில் 53.8 விழுக்காட்டினரிடமும் 15 வயதினரில் 63.1 விழுக்காட்டினரிடமும் பற்சிதைவு காணப்பட்டது. தாய் எழுப்பித் துலக்கவைக்கும் வயது கடந்து, தானே துலக்க வேண்டிய வயது வரும் அந்த மூன்றாண்டு இடைவெளியைத்தான் அவ்விரு எண்களும் சுட்டுகின்றன. அதே இடைவெளியில்தான் தோழர்களும் வந்து சேர்கிறார்கள். கஸ்தூரி வணிகனையும் கொல்லனையும் எடுத்துக்காட்டி நட்பை விளக்கிய நபிமொழி இங்கே உடலளவிலும் மெய்யாகிறது. முதல் பாக்குப் பொட்டலத்தை எந்த இளைஞனும் தனியாகச் சென்று வாங்குவதில்லை. நண்பன் கையிலிருந்துதான் அது வாய்க்கு வருகிறது. பாக்கு புற்றுநோயை உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. குட்காவுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது. தடையால் கடையை அடைக்கலாம். கைமாறுவதை நிறுத்துவது கடினம். மிஸ்வாக் பயணம் செய்த அதே வழியில் இன்று பாக்கும் பயணம் செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பதினாறு வயது மாணவர் ஒருவர் இருந்தார். மிஸ்வாக் பாடத்தின் ஹதீஸ்களை அறிவிப்பாளர் வரிசையோடு தடுமாறாமல் ஒப்பிப்பார். ஒருநாள் கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு கிடந்தார். கடைவாய்ப் பல் ஒன்று முற்றும் சிதைந்து, வேரில் சீழ் வைத்திருந்தது. மூன்று மாதமாக வலி இருந்ததாம். வீட்டில் சொன்னால் செலவுக்கு வருந்துவார்கள். அறையில் சொன்னால் கேலி செய்வார்கள். ஆசிரியரிடம் சொல்லலாம் என்று தோன்றவேயில்லை. 'ஹழ்ரத், யாரும் கேக்கலியே' என்றார். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு விடையாகத்தான் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தப் பாடத்தையே அவருக்கு நான்தான் நடத்தினேன்.

பல்லை எடுத்துவிட்டுத் திரும்பிய பின், தூரிகையால் துலக்கினால் சுன்னத்தின் நன்மை கிடைக்குமா என்று கேட்டார். அழுக்கை அகற்றும் சொரசொரப்பான எப்பொருளாலும் மிஸ்வாக் நிறைவேறும் என்பது ஷாஃபிஈ சட்டம் என்றேன். மறுநாள் ஃபஜ்ருக்கு முன் நான் ஹவுளுக்குப் போனபோது, தூரிகையோடு அவரும், வேப்பங்குச்சியோடு அவரது அறைத்தோழர் ஒருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழ முற்பட்டார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் குச்சியை எடுத்தேன்.